எடது அடுப்பு பச்சை

எனக்கு ஞாபகசக்தி போதாது. பள்ளிக்கூடத்திலேயே அது தெரிந்துவிட்டது. அதனால் எதையும் எழுதி வைத்துக்கொள்வேன். எழுதியதை மறுபடியும் ஒரு தடவை சரிபார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்தாய் என்று நேற்று விசாரணையில் நீங்கள் கேட்டபோது நான் தாமதித்ததற்கு அதுதான் காரணம். ஐஸ் போட்ட பால் காப்பி குடித்தேன், வேலையிடத்தில் தினசரிச் சுற்றை முடித்தேன், மெட்ரோ பிடித்தேன் என்று சொன்னேன். அறைக்குப் போய் நோட்டைப் பார்த்தேன். முதலில் சுற்று, பிறகுதான் காப்பி. அதை மட்டும் திருத்திக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றைத் திருத்த ஆரம்பித்தால் மற்றதையும் திருத்த வேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதுகிறேன். வியட்நாமிய மொழி எனக்கு இன்னும் மாலை வகுப்பு அளவுக்குத்தான் வருகிறது. காய்கறி வாங்கலாம், வழி கேட்கலாம். இதைச் சொல்ல முடியாது. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது, மொழிபெயர்க்க ஆள் பிடித்துக்கொள்கிறோம் என்றீர்கள். அந்த ஆள் என்னோடு வேலை செய்யும் அகுஸ்தேன் அண்ணனாக இருக்காது என்று நம்புகிறேன். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது.

என் பெயர் தேனப்பன். வயது இருபத்தைந்து. ஊர் தேவகோட்டை. பென் தானில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை அறை. தூ டுக்கில் உள்ள டேட்டா சென்டரில் ஒன்றே முக்கால் வருடமாக ஒப்பந்த ஊழியன். என் வேலை, சுருக்கமாகச் சொன்னால், ஒரு பெட்டியை நலம் விசாரிப்பது.

கேட்வே என்று அதற்குப் பெயர். அந்தக் கூடத்தில் இருக்கும் இயந்திரங்கள் வெளியுலகத்தோடு பேசுவதெல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான். ஜோடிப் பெட்டி ஒன்று இருந்தது. ஆகஸ்டில் பழுதாகிப் போனது, திரும்பி வரவில்லை. இருக்கிற பெட்டிக்கு இரண்டு பவர் சப்ளை. இடது ஒரு மின் பாதையில், வலது இன்னொரு பாதையில். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். தாங்குவதாலேயே செத்தது வெளியே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு சுற்று. விளக்குகளைப் பார்க்க வேண்டும், விசிறிகளைப் பார்க்க வேண்டும், சூட்டை அளக்க வேண்டும், தாளில் எழுத வேண்டும்.

திரையில் எச்சரிக்கை வராதா என்று கேட்டீர்கள். வரும். ஆனால் இடது பவர் சப்ளை மே மாதத்திலிருந்தே காரணமில்லாமல் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு முப்பது, நாற்பது. அனுமதி வாங்கி அதை மட்டும் அகுஸ்தேன் அண்ணன் வாயடைத்து வைத்தார். மாற்று வரும் வரைக்கும் கண்ணால் பார்ப்பதுதான் காவல் என்று முடிவானது.

விதிப்படி சுற்றுக்கு இருவர் வேண்டும். ஒருவர் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் எழுத வேண்டும். எழுதியவர் தானும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். படிப்பது வியட்நாமிய மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அறையில் இருக்கும் மூன்றாவது ஆளின் காதிலும் விழட்டும் என்பதற்காக. நாங்கள் தமிழில் படித்தோம்.

அது அகுஸ்தேன் அண்ணனின் ஆசை. அவர் குடும்பம் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. எழுபத்தைந்துக்குப் பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் பாரிசுக்கோ பாண்டிக்கோ கிளம்பிவிட, இவர் அப்பா மட்டும் இருந்துவிட்டார். அப்பாவும் இறந்த பிறகு தமிழ் பேச இவருக்கு அம்மா ஒருத்தர்தான். முப்பத்தொரு வயதில், வீட்டுக்கு வெளியே அவர் தமிழ் பேசிய முதல் ஆள் நான் என்று சொல்வார். தாயின் வாயிலிருந்து மட்டுமே கற்ற தமிழ் என்பதால் அது முழுக்கச் சமையலறைத் தமிழ். பவர் சப்ளைக்கு அவர் வைத்த பெயர் அடுப்பு. சூடு ஏறினால், "வெந்துருச்சா தம்பி?" என்பார். விசிறியில் சத்தம் மாறினால், "தாளிக்குதே" என்பார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

சுற்று இப்படிப் போகும்; கேட்பது அவர், பார்த்துச் சொல்வது நான்.

"எடது அடுப்பு?"

"பச்சை."

"வலது அடுப்பு?"

"பச்சை."

"விசிறி?"

"நாலும் ஓடுது."

"சூடு?"

"முப்பத்தெட்டு."

"அம்மா?"

"நல்லாருக்காங்க."

கடைசிக் கேள்வி தாளில் கிடையாது. அதை விளக்க வேண்டும். அவர் அம்மா மார்கரித்துக்கு இதயத் துடிப்பு அவ்வப்போது தவறும். மருத்துவர் சொல்லி, மார்பில் ஒரு பட்டை கட்டியிருந்தார். துடிப்பு தவறினால் பட்டை ஒரு கண்காணிப்பு நிலையத்துக்குச் சேதி அனுப்பும். அவர்கள் உடனே ஆம்புலன்ஸை அனுப்புவார்கள். அந்த நிலையத்தின் இயந்திரங்கள் இருந்தது எங்கள் கூடத்தில். பல நிறுவனங்கள் இருக்க, அகுஸ்தேன் அண்ணன் வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்தார். "நம்ம பெட்டி வழியா போகட்டும் தம்பி. தெனமும் நாமதானே பாத்துக்கறோம்," என்றார். அதனால் சுற்றின் முடிவில் பெட்டியின் தலையில் இரண்டு விரலால் தட்டி, அம்மா எப்படி என்று கேட்பார். நான் நல்லாருக்காங்க என்பேன். அதன் பிறகுதான் கையெழுத்து.

மார்கரித் அம்மா எனக்கு வாரம் ஒருமுறை சோறு போட்டவர். செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு முதலாம் டிஸ்ட்ரிக்டில் எனக்கு மொழி வகுப்பு; அவர் வீடு நடந்து போகிற தூரம். வியாழன்தோறும் ஐந்து மணிக்கே வந்துவிட வேண்டும் என்பது கட்டளை. "வகுப்புல போய் பசியில ஒளறாதே. ஏற்கெனவே நீ பேசற வியட்நாமிய மொழியக் கேட்டா பூனைகூட எழுந்து போவுது," என்பார். மார்புப் பட்டையை அவர் ஒட்டியாணம் என்பார். "என் கல்யாணத்துக்கு ஒட்டியாணம் போடறேன்னு எங்கப்பா சொன்னாரு. போடலை. பாரு, இப்ப மகன் போட்டு விட்டிருக்கான், அலோர்!" என்று பிரெஞ்சும் கலந்து சொல்லித் தட்டிக் காட்டுவார். என்னை அவர் தேனு என்று கூப்பிட்டார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம் எழுதுவது, அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் இருந்ததில்லை என்பது தெரியட்டும் என்றுதான்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, பதினோரு வாரம், இடது பவர் சப்ளையின் காற்று வெளியேறும் பக்கத்தில் சூட்டைத் தனியாக அளந்து எழுதி வந்தேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. வாரத்துக்கு அரை டிகிரிகூட ஏறவில்லை. ஆனால் ஒரு வாரம்கூட இறங்கவும் இல்லை. நான் தப்பாக அளக்கிறேனோ என்று சந்தேகப்பட்டு வேறு வெப்பமானி இரவல் வாங்கி அளந்தேன். அதே கணக்கு. அப்படியானால் மே மாதத்து எச்சரிக்கைகள் பொய் இல்லை. அது மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. நவம்பர் தாண்டாது என்று எனக்குத் தோன்றியது. வரைபடம் போட்டு அகுஸ்தேன் அண்ணனிடம் காட்டினேன்.

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். "தம்பி, இது பொய்யழுகைன்னு நெனச்சு வாயப் பொத்திட்டேனே நான்," என்றார். பிறகு என் தோளில் அடித்தார். "இத மேல கொண்டு போறேன். நீ போய்ச் சொன்னா ஒன் உச்சரிப்புல அவனுங்க தூங்கிடுவானுங்க. நான் பேசிக்கறேன்."

சரி என்றேன். மாற்று பவர் சப்ளைக்கு ஆர்டர் போனது. நவம்பர் கடைசியில் வரும் என்றார்கள்.

நவம்பர் மூன்றாம் தேதி, திங்கள், எனக்கு விடுமுறை. செவ்வாய் காலை போனபோது லிஃப்டுக்குப் பக்கத்திலுள்ள பலகையில் என் வரைபடம் கண்ணாடிக்குள் இருந்தது. என் வரைபடம்தான், ஏழாம் வாரத்துப் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும், அது அப்படியே இருந்தது. மேலே அகுஸ்தேன் அண்ணன் பூங்கொத்தோடு நிற்கிற படம். அவர் இனி ஷிஃப்ட் தலைவர் என்றும், இந்த ஆய்வு அவருடையது என்றும் எழுதியிருந்தது. என் பெயரைத் தேடினேன். காலண்டர் படத்தின் மூலையில் அச்சகத்தின் பெயர் இருக்குமே, அந்த அளவுக்காவது இருக்கும் என்று குனிந்தும் பார்த்தேன். இல்லை.

அவரே மாடிப்படியில் எதிரே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, கொஞ்சம் பொறு. சொல்றேன்," என்றார். நான் பூங்கொத்தைப் பற்றி விசாரித்தேன். அம்மாவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

கோபம் என்று சொல்லமாட்டேன். நாட்டை விட்டு வந்து, வாயைத் திறந்தால் சிரிக்கிற ஊரில், ஒரே ஒருவரிடம் என் மொழியில் பேசி, அவர் கையில் என் தாளைக் கொடுத்தேன். அந்தக் கை இப்படிச் செய்தது. இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நோட்டில் அன்று ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: பதினோரு வாரம்.

ஷிஃப்ட் தலைவருக்கு இடம் மேல் மாடி. சுற்றுக்கு இறங்கி வர நேரமில்லை. "நீ போன்ல சொல்லு, நான் எழுதிக்கறேன். ஒன் கண்ணுதானே என் கண்ணு," என்றார். விதிப்படி அது தப்பு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தினமும் ஒன்பது மணிக்கு யாரோடாவது தமிழில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று இருவருக்கும் இருந்தது. எனக்கு அப்போதும் இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி. இடது பவர் சப்ளையின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நின்றிருந்தது. புறங்கையைக் காற்றுத் துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை, சூடும் இல்லை. செத்திருந்தது. நவம்பர் தாண்டாது என்று நான் சொன்னது நடந்திருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். பதினோரு வாரமும் நான் தப்பாக அளக்கவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசனை வந்தது. நான் இப்போது இதைச் சொன்னால், பலகையில் இருக்கிற ஆய்வு பலித்தது என்று ஆகும். அகுஸ்தேன் சொன்னார், அப்படியே நடந்தது என்பார்கள். இன்னொரு பூங்கொத்து வரும்.

"எடது அடுப்பு?" என்றார்.

"பச்சை," என்றேன்.

"வலது அடுப்பு?"

"பச்சை."

விசிறி கேட்டார், சூடு கேட்டார். கடைசியில் போன் வழியாகவே எதையோ இரண்டு விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. மேஜையைத் தட்டினார் என்று நினைக்கிறேன். "அம்மா?" என்றார். "நல்லாருக்காங்க," என்றேன்.

நான் எதையும் தொடவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்தவில்லை. அது தானாகச் செத்தது. பெட்டியும் வலது பக்கத்தைக் கொண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு பேட்டரி மாற்றுவதற்காக வலது மின் பாதையை அணைக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. ஷிஃப்ட் தலைவராக அகுஸ்தேன் அண்ணன் நடத்தப்போகிற முதல் பெரிய வேலை. அணைத்தவுடன் மின்சாரமில்லாமல் பெட்டி விழும். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். பலகையில் இருப்பது அவருடைய ஆய்வு என்றால், அவர்தானே பார்த்திருக்க வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அதற்கு மறுநாளிலிருந்து பதினாறு நாள் அதையே சொன்னேன். திங்கள்கிழமை எனக்கு விடுமுறை. வேறு ஆள் சுற்றுக்குப் போனால் விளக்கைப் பார்த்துவிடுவான். அதனால் இரண்டு திங்கள்கிழமையும் மெட்ரோவில் போய் சுற்றை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பினேன். சம்பளம் கிடையாது. என் அக்கறையை அகுஸ்தேன் அண்ணன் மேலதிகாரியிடம் சொன்னாராம்.

பத்தொன்பதாம் தேதி, கூடத்து மேஜையில் இருக்கும் லான் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாள். நான் அப்போது போனில் இருந்தேன். அவள் விளக்கைச் சுட்டிக் காட்டினாள். நான் தலையாட்டினேன், போனில், "எடது அடுப்பு பச்சை," என்றேன். அவள் திருப்தியோடு போய் உட்கார்ந்தாள். அவள் உங்களிடம் சொன்னது உண்மைதான்: தேனப்பன் அதைத்தான் தெரிவித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன் என்றாளே. நாங்கள் விதிப்படி வியட்நாமிய மொழியில் படித்திருந்தால், அந்த இடத்திலேயே அவள் என் கையைப் பிடித்திருப்பாள். அவளைக் குறை சொல்லாதீர்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

ஒன்பது மணிக்குச் சுற்று. இடது பச்சை, வலது பச்சை. பிறகு காப்பி. அகுஸ்தேன் அண்ணன் கீழே வந்து ஒரு உதவி கேட்டார். "தம்பி, நான் சாயங்காலம் வரைக்கும் மின் அறையிலதான் இருப்பேன். அம்மா தனியா இருக்கும். மதியம் போய் சாப்ட்டுட்டு நாலு மணி வரைக்கும் கூட இரேன். சீட்டாடும், நீ தோத்துக்கிட்டே இரு, சந்தோஷமாயிடும்." சரி என்றேன்.

பன்னிரண்டேகாலுக்குப் போனேன். கோழிக் குழம்பும் ரொட்டியும். ரொட்டியைக் குழம்பில் தோய்க்காமல் கரண்டியால் ஊற்றிக்கொண்டதற்குத் திட்டினார். "செட்டிவீட்டுப் புள்ளைக்கு ரொட்டி திங்கத் தெரியலை, மொன் தியே! முக்குடா, முக்கு. நான் பாக்கலை." இரண்டு ஆட்டம் சீட்டாடினோம். இரண்டிலும் அவர் ஏமாற்றி ஜெயித்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒன்று நாற்பதுக்குக் கிளம்பினேன். ஒன்று முப்பத்தைந்தாகவும் இருக்கலாம். நாலு மணி வரைக்கும் இருப்பேன் என்று நினைத்ததாகச் சொன்னார். வீட்டுப்பாடம் பாக்கி என்றேன். அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமை. வாசலில் நின்று ஏதோ சொன்னார். அது இங்கே தேவையில்லை. படுக்கப் போவதாகவும் சொன்னார்.

என் நோட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. நீங்கள் எப்படியும் பார்ப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து அவர் பட்டை ஆறு தடவை சேதி அனுப்பியிருக்கிறது. வியாழக்கிழமைகளில் அவர் கதை கதையாகச் சொல்வதை நான் தேதி போட்டு எழுதி வைத்தேன். எனக்கு அது பழக்கம். ஆறில் நாலு, ஞாயிறு மதியம் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்த அரை மணி நேரத்துக்குள். ஆறு தடவையும் ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு, பென் தான் ரவுண்டானாவைக் கடக்கும்போது, அகுஸ்தேன் அண்ணன் போன் செய்தார். "அணைக்கப்போறேன். காலையில எடது பச்சைதானே தம்பி? மறுபடி ஒரு தடவ சொல்லிடு, மனசுக்கு நல்லாருக்கும்."

"பச்சைதான் அண்ணே."

"அம்மா?"

"நல்லாருக்காங்க. இப்பதான் சாப்ட்டாங்க."

நான் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்.

இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் பெட்டி விழுந்தது. மின் பாதையைக் கழற்றி வைத்திருந்ததால் மறுபடி இணைத்து எழுப்ப இரண்டு நாற்பத்து மூன்று ஆனது. நாற்பத்தொரு நிமிடம். பட்டை சேதி அனுப்பிய நேரம் இரண்டு பதினொன்று. அது போய்ச் சேர வழியில்லை. மூன்றரைக்கு எதிர்வீட்டுப் பெண் போய்க் கதவைத் தட்டியபோது அவர் கட்டிலில் இருந்தார். சீட்டுக்கட்டு தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததாம்.

அடக்கத்துக்கு நான் போனேன். பெட்டியை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இடது பக்கம் முன்னால் நான் பிடித்தேன். எல்லோரும் போன பிறகு அகுஸ்தேன் அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான்தான் கொன்னுட்டேன். போன்ல கேட்டு எழுதினேன். எறங்கி வந்து ஒரு தடவ பாத்திருந்தா போதும். விதியில எழுதியிருக்கு, எழுதறவன் பாக்கணும்னு. அவ்வளவு சோம்பேறித்தனம்." நான் அவர் தோளைத் தட்டினேன். "அப்படிச் சொல்லாதீங்க அண்ணே," என்றேன். "காலையில பச்சைதான் இருந்துச்சு. அப்பறம் போயிருக்கும்." அவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

உங்களிடமும் அவர் அதையே சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. பதினேழு தாளிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. வழக்கு அவர்மேல் என்றும் நான் சாட்சி மட்டும் என்றும் சொன்னீர்கள். அவர் எழுதியது எல்லாம் நான் சொன்னது. அவர் செய்த தப்பு நம்பியது ஒன்றுதான். அதற்குத் தண்டனை உண்டா என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நான் முடித்துக் கையெழுத்திட்டிருந்தேன். துரோகம் செய்யப்பட்டவன், ஒரு பாடம் புகட்ட நினைத்தான், அளவு மீறிவிட்டது என்று நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். நானும் சில நாளாக அப்படித்தான் புரிந்து வைத்திருந்தேன். வழக்கப்படி சரிபார்ப்பதற்காக நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

நவம்பர் இருபது, வியாழன். அன்று இங்கே ஆசிரியர் தினம். வகுப்பில் எல்லோரும் பூ கொண்டு வந்தார்கள். வகுப்புக்கு முன்னால், ஐந்து மணிக்கு, வழக்கம்போல மார்கரித் அம்மா வீட்டில் சாப்பிட்டேன். அவருக்கு ரகசியம் தங்காது. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தேனு, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். சொல்லலைன்னா எனக்கு ஒட்டியாணம் வெடிச்சிடும். அந்தத் தாள்ல மொதப் பேரே ஒன் பேருதான்டா. ஒப்பந்த ஆளு பேரு போடக் கூடாதுன்னு ஆபீசுல அடிச்சிட்டாங்களாம். இவன் மூணு வாரமா சண்ட போடறான். அவன நிரந்தரம் பண்ணு, இல்லன்னா எனக்கும் அந்த நாற்காலி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான், பைத்தியம். திங்கக்கிழம கடுதாசி வருதாம். பலகையில பேரும் மாத்தறாங்களாம். மூஞ்சியப் பாத்து சொல்ல வெக்கமா இருக்குன்னு ஓடி ஒளியறான்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து நகலை எடுத்துக் காட்டினார். என் பெயரை நான் படித்தேன். சரியாக எழுதியிருந்தது.

ஆறு மணிக்கு வகுப்பில், இன்று நடந்தது என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். நோட்டில் இருக்கிறது: இன்று என் அண்ணன் எனக்காகச் செய்ததை அறிந்தேன். எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஆசிரியை பக்கத்தில் சிவப்பில் ஒரு பூ வரைந்திருக்கிறார்.

ஞாயிறு மதியம் வாசலில் மார்கரித் அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "நாளைக்கு அவன் வந்து சொல்றப்ப தெரியாத மாதிரி நடி, கண்ணு. ஒனக்கு நடிக்க வருமா?"

"வரும்மா," என்றேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று காலையிலும் பச்சை என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது ஞாபகமிருக்கிறது. நோட்டில் அது இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பதினாலு நாள் நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் என்னை நம்பமாட்டார். இந்த ஊரில் என்னை நம்புகிறவர் அவர் ஒருவர்தான். அவர் மனம் நோகும்படி நடந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.